கையெழுத்துப் போடாதவர்கள்

சமாதான உடன்படிக்கைகளை முழுதாக வாசிக்கும் பழக்கம் எனக்கு 2002இல் ஒட்டிக்கொண்டது. அப்போது என்னோடு அறையில் தங்கியிருந்த நண்பனின் அம்மா யாழ்ப்பாணத்தில் இருந்தார். இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே நார்வே முன்னின்று செய்துவைத்த போர்நிறுத்த உடன்படிக்கை அந்த ஆண்டு பிப்ரவரி 22 அன்று வெளியானது. அவன் எங்கிருந்தோ அதை அச்செடுத்துக்கொண்டு வந்தான். இருவரும் தரையில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தோம்.

சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். பிப்ரவரி 23 முதல் நாள். அதிலிருந்து 30 நாட்களுக்குள் கோயில்கள், தேவாலயங்கள், பள்ளிவாசல்களை விட்டுப் படைகள் வெளியேற வேண்டும். 160 நாட்களுக்குள் பள்ளிக்கூடக் கட்டடங்களை விட்டு வெளியேற வேண்டும். மீன்பிடிக்கு இருந்த தடைகள் படிப்படியாகத் தளர்ந்து, 90ஆம் நாளில், சில இடங்கள் நீங்கலாக, இரவும் பகலும் கடலுக்குப் போகலாம். யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதையைத் திறப்பதற்கான ஏற்பாடுகள் 30 நாட்களுக்குள் முடிவாக வேண்டும். விரலால் எண்ணி எண்ணி மார்ச் 25, மே 24, ஆகஸ்ட் 2 என்று மூன்று தேதிகளுக்கு வட்டம் போட்டான். "இரவிலயும் கடலுக்குப் போகலாமாம், மச்சான்" என்று அவன் சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது. அவன் மீனவக் குடும்பம்கூட இல்லை.

பாதை ஏப்ரலில் திறந்தது. அவன் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தான். 2006 ஆகஸ்டில் அதே பாதை மூடப்பட்டது. அதற்குப் பிறகு நடந்ததை இங்கே நான் விவரிக்கப் போவதில்லை. இதை வாசிக்கிற பலர் என்னைவிட நெருக்கமாக அறிந்தவர்கள்.

பல ஆண்டுகள் கழித்து அந்தப் பக்கங்களை மறுபடி எடுத்துப் பார்த்தபோதுதான், முதல் வாசிப்பில் எனக்குத் தோன்றாத ஒரு கேள்வி தோன்றியது. இதில் யாருடைய கையெழுத்து இல்லை?

பிரதமர் ரணில் விக்கிரமசிங்க கையெழுத்திட்டார். பிரபாகரன் கையெழுத்திட்டார். இருவரும் ஒரே மேசையில் உட்காரவில்லை; வெவ்வேறு இடத்தில்தான் போட்டார்கள். குடியரசுத் தலைவர் சந்திரிகா குமாரதுங்கவின் கையெழுத்து இல்லை. அவர் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவர், படைகளின் தலைமைத் தளபதியும் அவர்தான். 2003 நவம்பரில் பாதுகாப்பு உள்ளிட்ட மூன்று அமைச்சுகளை அவர் தன் கைக்கு எடுத்துக்கொண்டபோது பேச்சுவார்த்தை நின்ற இடத்திலேயே நின்றது. கிழக்கின் முஸ்லிம்கள் தனித் தரப்பாக இல்லை. இந்தியா இல்லை, 1992 முதலே புலிகளை அது தடை செய்திருந்தது. அமெரிக்கா இல்லை, ஆனால் 2003 ஏப்ரலில் நன்கொடை நாடுகளின் ஆயத்தக் கூட்டம் வாஷிங்டனில் கூடியபோது, அமெரிக்கத் தடைப் பட்டியலில் இருந்த புலிகளால் அங்கே போக முடியவில்லை. சில நாட்களில் அவர்கள் பேச்சிலிருந்து விலகினார்கள். இரண்டு பேர் போட்ட ஒரு காகிதத்தின் ஆயுளைக் கையெழுத்துப் போடாத இத்தனை பேர் கையில் வைத்திருந்தார்கள்.

அதிலிருந்து எந்த நாட்டு உடன்படிக்கையை எடுத்தாலும் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் பார்க்கிறேன்.

1987இன் இந்திய இலங்கை ஒப்பந்தத்தையும் இப்படிப் படித்துப் பாருங்கள். ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்தனவும் போட்ட கையெழுத்துகள் இருக்கின்றன. போரிட்டுக்கொண்டிருந்த இயக்கங்களில் ஒன்றின் கையெழுத்துகூட இல்லை. ஒப்பந்தத்தோடு இரு தலைவர்களும் பரிமாறிக்கொண்ட கடிதங்களும் சேர்க்கப்பட்டுள்ளன. எனக்கு அவைதான் முக்கியமாகப் படுகின்றன. திருகோணமலை உள்ளிட்ட துறைமுகங்களை இந்தியாவின் நலனுக்கு ஊறான வகையில் எந்த நாட்டின் ராணுவப் பயன்பாட்டுக்கும் தரக்கூடாது. அங்குள்ள எண்ணெய்க் குதங்களைச் சீரமைத்து இயக்குவதை இரு நாடுகளும் கூட்டாகச் செய்ய வேண்டும். இலங்கையில் இருக்கும் வெளிநாட்டு ஒலிபரப்பு நிலையங்களோடு செய்துகொண்ட உடன்பாடுகளை மறுபரிசீலனை செய்ய வேண்டும். தமிழருக்கான மாகாண சபையைப் பற்றி ஒப்பந்தம் பேசுகிறது. நடுவராக வந்தவருக்கு என்ன வேண்டும் என்பதைக் கடிதங்கள் பேசுகின்றன. அக்டோபருக்குள் இந்திய அமைதிப்படை புலிகளோடு போரில் இறங்கியிருந்தது. 1990 மார்ச்சில் அது திரும்பிப் போனபோது சுமார் 1,200 இந்திய வீரர்கள் இறந்திருந்தார்கள். அந்தப் படை நடமாடிய ஊர்களில் எத்தனை பொதுமக்கள் செத்தார்கள் என்பதற்கு அப்படி ஒரு உருண்டையான எண் சொல்லப்படுவதே இல்லை. இது என்னை எப்போதும் உறுத்துகிறது.

உள்நாட்டுப் போர் என்கிறோம். ஆனால் உள்நாட்டிலேயே தொடங்கி உள்நாட்டிலேயே முடிந்த போர் ஒன்றைத் தேடினால் அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. இது நம் காலத்துக் கோளாறும் இல்லை. கி.மு. 427இல் கொர்கைரா (இன்றைய கோர்ஃபு) என்ற கிரேக்கத் தீவில் மக்கள் கட்சியும் செல்வர் கட்சியும் மோதியபோதே, ஒரு தரப்பு ஏதென்ஸின் கப்பல்களையும் மறு தரப்பு ஸ்பார்ட்டாவின் கப்பல்களையும் எதிர்பார்த்துக் கரையில் நின்றது. எந்தக் கொடி கட்டிய கப்பல் கண்ணில் படுகிறதோ, அன்று மறு தரப்புக்குக் கொலைக்களம்.

வெளியார் எப்படி உள்ளே வருகிறார்கள் என்பதற்கு எனக்குத் தெரிந்து ஸ்பெயினைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. 1936 ஜூலையில் தளபதிகள் சிலர் குடியரசுக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். மாட்ரிட்டிலும் பார்சிலோனாவிலும் கிளர்ச்சி தோற்றது. அவர்களுடைய ஆகச்சிறந்த படை பிராங்கோவின் தலைமையில் கடலுக்கு அந்தப் பக்கம் மொராக்கோவில் இருந்தது. கடற்படை மாலுமிகள் பலர் குடியரசின் பக்கம் நின்றதால் நீரிணையைக் கடக்க வழியில்லை. அத்தோடு அது தோற்றுப்போன ஒரு ராணுவப் புரட்சியாக முடிந்திருக்கலாம். பிராங்கோவின் தூதர்கள் ஹிட்லரைத் தேடிப் போனார்கள். ஜூலை 25 இரவு பைரோய்ட் நகரில் இசை நிகழ்ச்சி முடிந்து வந்த அவரைச் சந்தித்தார்கள். யுங்கர்ஸ் 52 போக்குவரத்து விமானங்கள் கிடைத்தன. இத்தாலியும் விமானம் கொடுத்தது. சில வாரங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் கடலைத் தாண்டினார்கள். அதன் பிறகு ஏறத்தாழ மூன்று ஆண்டுப் போர்.

கவனித்தால், ஹிட்லர் கதவை உடைத்துக்கொண்டு வரவில்லை, அழைப்பு போனது. குடியரசுத் தரப்பும் உதவி தேடிப் பாரிஸுக்கு ஆள் அனுப்பியது, பிறகு மாஸ்கோவை நம்ப வேண்டிவந்தது. நாட்டின் தங்க இருப்பில் பெரும்பகுதியைக் கப்பலேற்றியது. அழைப்பவர் எப்போதும் தற்காலிக உதவி என்றுதான் நினைக்கிறார். வருகிறவரோ, சுரங்கம், துறைமுகம், புது விமானத்தைச் சோதித்துப் பார்க்க ஓர் ஊர் என்று தன் கணக்கோடு வருகிறார். அந்த ஊர் கெர்னிகாவாக இருந்தது; 1937 ஏப்ரல் 26, சந்தை நாளில் அதன் மேல் குண்டு பொழிந்தார்கள்.

அதே நேரத்தில் லண்டனில் தலையிடாமைக் குழு என்று ஒன்று கூடிக்கொண்டிருந்தது. 27 நாடுகள். ஸ்பெயினுக்கு ஆயுதம் அனுப்புவதில்லை என்று உறுதி சொன்னவர்களில் ஜெர்மனி, இத்தாலி, சோவியத் ஒன்றியம் மூன்றும் உண்டு. மூன்றும் அனுப்பின. அதனால், கையெழுத்து இருந்தால் மட்டும் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் குழுவில் உட்கார இடமே இல்லாமல் போனது யாருக்கு என்று பாருங்கள். ஸ்பெயினுக்கு.

ஒரு வெளிநாடு நுழைந்த பிறகு போருக்குள் என்ன மாறுகிறது? நான் புரிந்துகொண்டது இதுதான். சாதாரணமாக ஒரு தரப்பு களைத்துப்போகும். தோட்டா தீரும், ஆள் தீரும், காசு தீரும். அந்தக் களைப்புதான் மேசைக்கு இழுத்துவரும். வெளியிலிருந்து கப்பல் வரும் என்று ஒரு நம்பிக்கை இருந்துவிட்டால் களைப்பு வருவதில்லை. இந்த மழைக்காலத்தைத் தாண்டிவிட்டால் போதும், அடுத்த கப்பல் வந்துவிடும் என்று ஆண்டுகள் ஓடும். உதவுகிற நாட்டுக்கோ பிள்ளைகள் சாவதில்லை, அல்லது குறைவாகச் சாகிறார்கள். அதனால் அதற்கும் அவசரமில்லை. கடைசியில் பேச்சு என்று வரும்போது, 'முடியாது' என்று சொல்லும் உரிமை உள்ளவர்கள் இரண்டு பேராக இல்லாமல் ஐந்து பேராக இருப்பார்கள்.

அங்கோலாவில் இது எந்த அளவுக்குப் போனது என்றால், கபிண்டாவில் எண்ணெய் எடுத்தது அமெரிக்க நிறுவனம். அது கட்டிய பணம் சோவியத் ஆதரவு பெற்ற அங்கோலா அரசுக்குப் போனது. அந்த எண்ணெய் வயல்களைக் காவல் காத்தவர்கள் கியூப வீரர்கள். யாரிடமிருந்து காத்தார்கள்? அரசை எதிர்த்துப் போரிட்ட சவிம்பியின் யூனிட்டா இயக்கத்திடமிருந்து, அதற்கு 1980களில் அமெரிக்கா ஸ்டிங்கர் ஏவுகணை கொடுத்தது. 1985இல் தென்னாப்பிரிக்கக் கமாண்டோக்கள் அந்த வயல்களைத் தகர்க்க வந்து மாட்டிக்கொண்டார்கள். இந்த வரிகளை முதன்முதலாகப் படித்தபோது ஒரு தாளில் அம்புக்குறி போட்டு வரைந்து பார்த்தேன். அம்புகள் எல்லாம் ஒன்றையொன்று குறுக்கே வெட்டின. நடுவில் அங்கோலாக்காரன் ஒருவன் நிற்க இடமில்லை.

அமெரிக்க ராஜதந்திரி செஸ்டர் குரோக்கர் எட்டு ஆண்டுகள் இழுத்துப் பிடித்து ஒரு முடிச்சை அவிழ்த்தார்: கியூபப் படை அங்கோலாவை விட்டுப் போகும், தென்னாப்பிரிக்கா நமீபியாவை விட்டுப் போகும். 1988 டிசம்பர் 22 அன்று நியூயார்க்கில் அங்கோலா, கியூபா, தென்னாப்பிரிக்கா மூன்றும் கையெழுத்திட்டன. நமீபியா 1990 மார்ச் 21 அன்று விடுதலை பெற்றது. பெரிய சாதனை, சந்தேகமில்லை. ஆனால் கடைசிப் பக்கத்தில் யூனிட்டா இல்லை. வெளியார் போனார்கள், போர் போகவில்லை.

இங்கேதான் மொசாம்பிக்குக்கு வர வேண்டும். அங்கோலாவைப் போலவே 1975இல் போர்ச்சுகலிடமிருந்து விடுதலை பெற்ற நாடு. ஃப்ரெலிமோ கட்சியின் அரசுக்கு எதிராகப் போரிட்ட ரெனாமோ என்ற கிளர்ச்சிப் படையை உருவாக்கியதே அண்டை நாடான ரொடீசியாவின் உளவுத்துறை. 1980இல் ரொடீசியா ஜிம்பாப்வே ஆனதும் தென்னாப்பிரிக்க ராணுவம் ரெனாமோவைத் தத்தெடுத்துக்கொண்டது. அதனால் அதிபர் சமோரா மாஷெல், ரெனாமோவிடம் பேசி என்ன பயன், முதலாளியிடமே பேசுவோம் என்று முடிவு செய்தார். 1984 மார்ச் 16 அன்று கோமாட்டி ஆற்றங்கரையில் தென்னாப்பிரிக்காவின் பி.டபிள்யூ. போத்தாவோடு ஒப்பந்தம் போட்டார். நீ ரெனாமோவுக்கு உதவாதே, உன்னை எதிர்த்துப் போராடும் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸுக்கு நான் இடம் கொடுக்கமாட்டேன். நிறவெறி அரசோடு கை குலுக்க நேர்ந்த அந்த மனிதருக்கு எவ்வளவு கசந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

1985 ஆகஸ்டில் மொசாம்பிக், ஜிம்பாப்வே படைகள் கொரொங்கோசாவில் காசா பனானா என்ற ரெனாமோ தலைமை முகாமைப் பிடித்தன. அங்கே நாட்குறிப்புகள் கிடைத்தன. ரெனாமோவைச் சேர்ந்த ஒருவர் எழுதியவை: எந்தத் தென்னாப்பிரிக்க அதிகாரி எப்போது வந்தார், என்ன பேசினார், என்ன தர ஒப்புக்கொண்டார் என்றெல்லாம் அவற்றில் இருந்தன. ஒப்பந்தத்துக்குப் பிறகும் உதவி நிற்கவில்லை என்பது எதிரியின் கையெழுத்திலேயே அம்பலமானது. பெரிய முதலாளி கையெழுத்துப் போட்டும் ஆகவில்லை. களத்தில் இருப்பவனைக் கணக்கிலேயே எடுக்காமல் போட்ட கையெழுத்து அது.

போர் இன்னும் ஏழு ஆண்டு நடந்தது. பட்டினியையும் சேர்த்து மொத்தம் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள்.

அப்புறம் வந்த நடுவர்கள் யார் என்பதுதான் வியப்பு. ரோமில் திராஸ்தேவெரே பகுதியில், பழைய கன்னியர் மடம் ஒன்றில் இயங்கும் சாந்தெஜிதியோ என்ற கத்தோலிக்கப் பொதுநிலையினர் சமூகம். 1968இல் மாணவர்கள் சிலர் ஏழைகளுக்கு உதவுவதற்காகத் தொடங்கியது. அதை நிறுவிய ஆந்திரேயா ரிக்கார்தி, பாதிரியார் மத்தேயோ சுப்பி, மொசாம்பிக்கின் பெய்ரா பேராயர் ஜைமே கொன்சால்வெஸ், இத்தாலிய அரசியல்வாதி மாரியோ ரஃபாயெல்லி ஆகிய நான்கு பேர். படை இல்லை, கப்பல் இல்லை, துறைமுகம் கேட்கவில்லை. 1990 ஜூலையில் இரண்டு தரப்பும் அந்த மடத்தில் முதன்முதலாக எதிரெதிரே உட்கார்ந்தன. 1992 அக்டோபர் 4 அன்று முடிந்தது. 27 மாதங்கள், பதினோரு சுற்றுகள். இதில் எத்தனை மாதங்கள் நிகழ்ச்சி நிரலைப் பற்றியே பேசினார்கள் என்று படித்தால் நமக்கே பொறுமை போய்விடும். அவர்களுக்குப் போகவில்லை.

இதைப் புனிதக் கதையாக்க நான் விரும்பவில்லை. அவர்கள் ஜெயித்த காலத்தைப் பாருங்கள். பனிப்போர் முடிந்துவிட்டது. தென்னாப்பிரிக்காவில் மண்டேலா வெளியே வந்துவிட்டார். 1991-92இல் ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்பகுதி முழுவதும் கொடிய வறட்சி. கொள்ளையடிக்கக்கூடக் கிராமத்தில் ஒன்றுமில்லை. கப்பல் இனி வராது என்று இரு தரப்புக்கும் தெரிந்துவிட்டது. நல்ல நடுவர்கள், சரியான நேரம், இரண்டும் சேர்ந்தே வந்தன. அதே நால்வர் 1984இல் முயன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை ஊகிக்க முடியும்.

ஆனால் நான் அதிகம் மதிப்பது கையெழுத்துக்குப் பிறகு நடந்ததை. அதற்கு மறுபடி அங்கோலாவைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1991 மே 31 அன்று போர்ச்சுகலின் லிஸ்பனில் அங்கோலா அரசும் யூனிட்டாவும் கடைசியில் நேருக்கு நேர் கையெழுத்திட்டன. ஐ.நா. அனுப்பிய ராணுவப் பார்வையாளர்கள் சுமார் 350 பேர். அந்தப் பணிக்குத் தலைமை தாங்கிய மார்கரெட் ஆன்ஸ்டீ, ஜம்போ விமானத்தை ஓட்டச் சொல்லிவிட்டுச் சின்ன விமானத்துக்கான எரிபொருளைக் கொடுத்திருக்கிறார்கள் என்ற பொருளில் சொன்னார். இரண்டு படைகளும் கலையாமலே 1992 செப்டம்பர் இறுதியில் தேர்தல் நடந்தது. தோற்றுக்கொண்டிருப்பதாகத் தெரிந்ததும் சவிம்பி முடிவை ஏற்க மறுத்துப் போருக்குத் திரும்பினார். அவர் 2002 பிப்ரவரி 22 அன்று கொல்லப்படும் வரைக்கும் அது ஓயவில்லை. அதே நாளில்தான் இலங்கையில் உடன்படிக்கை வெளியானது; என் நண்பன் நாட்காட்டியில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தான்.

மொசாம்பிக்குக்கு ஐ.நா.வின் பொறுப்பாளராகப் போன இத்தாலியர் ஆல்டோ அயெல்லோ, அங்கோலாவில் நடந்ததிலிருந்து பாடம் கற்றவர். அவருக்குக் கிடைத்தது ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட படையினர். ஆயுதம் களையாமல் தேர்தல் இல்லை என்று பிடிவாதமாக நின்றார். 1993இல் நடக்க வேண்டியதை 1994 அக்டோபருக்குத் தள்ளினார். காட்டிலிருந்து வரும் ரெனாமோ அரசியல் கட்சியாக மாறுவதற்கென்றே ஒரு நிதி ஏற்படுத்தினார்கள், இத்தாலி முதன்மையாகப் பணம் போட்டது. அலுவலகம், வீடு, வண்டி, கோட்டு சூட்டு எல்லாம் அதில் அடக்கம். துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு வீடு திரும்பிய இரு தரப்பு வீரர்களுக்கும் இரண்டு ஆண்டுகளுக்கு உதவித்தொகை. கொலைகாரர்களுக்குக் காசா என்று அப்போதே பலர் கொதித்தார்கள். அந்தக் கொதிப்பு எனக்குப் புரிகிறது. ரெனாமோ கிராமங்களில் செய்த கொடுமைகளைப் படித்தால் யாருக்கும் கொதிக்கும். இருந்தும், அந்தப் பணம் நன்றாகச் செலவான பணம் என்றே நினைக்கிறேன். வாக்குப்பதிவு தொடங்கும் நேரத்தில் ரெனாமோ தலைவர் த்லாகாமா புறக்கணிப்பு அறிவித்தபோது, அயெல்லோவும் அண்டை நாடுகளும் விடிய விடியப் பேசித் திருப்பிக் கொண்டுவந்தார்கள். வாக்குப்பதிவை ஒரு நாள் நீட்டினார்கள். அவர் தோற்றார். காட்டுக்குப் போகவில்லை, அவருடைய கட்சி நாடாளுமன்றத்துக்குப் போனது.

முழு வெற்றி என்று இதையும் சொல்லிவிட முடியாது. 2013 வாக்கில் ரெனாமோ மறுபடி துப்பாக்கி எடுத்தது. 2019இல் இன்னோர் ஒப்பந்தம் தேவைப்பட்டது. ஆனாலும் நடுவில் கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள். ஒரு குழந்தை பிறந்து வளர்ந்து பள்ளிக்கூடம் முடிக்கும் காலம் அது.

நடுவர் என்றால் பக்கம் சாராதவர் என்று நினைக்கிறோம். நம் சங்ககாலத்தில் உறையூர்க் கோட்டைக்குள் நெடுங்கிள்ளி அடைபட்டிருக்க, வெளியே நலங்கிள்ளி முற்றுகையிட்டிருக்க, இருவரிடமும் போய் நீங்கள் சூடியிருப்பதும் ஒரே ஆத்திமாலைதானே, எவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதானே என்று சொன்ன புலவர் ஒருவர் உண்டு. அவருக்கு அந்த நிலத்தில் ஒரு பங்கும் வேண்டியிருக்கவில்லை. இன்றைய நடுவர்கள் பெரும்பாலும் அப்படி இல்லை. 1995 நவம்பரில் போஸ்னியாவின் மூன்று தரப்பையும் அமெரிக்காவின் டேட்டன் விமானப்படைத் தளத்தில் மூன்று வாரம் அடைத்துவைத்து ஒப்புதல் வாங்கிய அமெரிக்க ராஜதந்திரி ரிச்சர்ட் ஹோல்புரூக்கின் முதுகுக்குப் பின்னால் நேட்டோவின் குண்டுவீச்சு இருந்தது. போஸ்னிய செர்பியர்களுக்காகப் பேசியது பக்கத்து நாடான செர்பியாவின் அதிபர் மிலோசெவிச். போஸ்னியாவின் அரசியலமைப்பே உடன்படிக்கையின் நான்காவது பின்னிணைப்பு. போர் நின்றது, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன், நின்றுபோன போருக்கு ஈடாக எதுவும் இல்லை. ஆனால் தன் அரசியலமைப்பைத் திருத்த வேண்டுமென்றால் அமெரிக்க விமானத் தளத்தில் எழுதிய ஒரு பின்னிணைப்பைத் திறக்க வேண்டிய நிலையில் ஒரு நாடு இன்னும் இருக்கிறது.

சிரியாவில் இது இன்னும் ஒரு படி மேலே போனது. ஐ.நா. தூதராக வந்த கோஃபி அன்னான் ஆறு மாதத்தில் விலகினார், லக்தர் பிராஹிமி இரண்டு ஆண்டுக்குள் விலகினார். 2017இல் கசகஸ்தானின் அஸ்தானாவில் சமாதான உத்தரவாதம் தந்தவர்கள் ரஷ்யா, துருக்கி, ஈரான். மூன்றும் அந்தப் போரில் நேரடியாகக் கை வைத்த நாடுகள். மோதல் தணிப்புப் பகுதிகள் என்று நான்கை அறிவித்தார்கள். அடுத்த ஆண்டுக்குள் மூன்றை அரசுப் படை ரஷ்ய விமானங்களின் துணையோடு பிடித்துவிட்டது. உத்தரவாதம் தந்தவரே குண்டு போட்டால் புகார் யாரிடம் கொடுப்பது?

நார்வே நேர் எதிர். இலங்கையில் அதற்கு வலிமை இல்லாததால்தான் அதைக் கூப்பிட்டார்கள். தூரத்து நாடு, சின்ன நாடு, யாரையும் மிரட்டாது. கொழும்புக்கும் சரி, வன்னிக்கும் சரி, டெல்லிக்கும் சரி, அது வசதியாக இருந்தது. 2006 மேயில் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடை செய்ததும், ஒன்றியத்தைச் சேர்ந்த கண்காணிப்பாளர்கள் வெளியேற வேண்டும் என்று புலிகள் கேட்டார்கள். ஸ்வீடன், டென்மார்க், ஃபின்லாந்து போயின. நார்வேயும் ஐஸ்லாந்தும் ஒரு சிறு குழுவோடு மிஞ்சின. போர் தொடங்கியாகிவிட்டது, எண்ணிக் குறித்துக்கொள்ள மட்டும் ஆள் இருந்தது. எல்லாப் பழியையும் நார்வே மீது போடுவதை நான் ஏற்பதில்லை. கையில் ஒன்றும் இல்லாதவரை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்துவிட்டு, ஏன் கையை ஓங்கவில்லை என்று கேட்பது நியாயமில்லை. எனக்குள்ள கோபம் வேறு. பேச்சு நடந்த காலத்தில் ஓஸ்லோவில் நன்கொடை பேசிய நாடுகள், டோக்கியோவில் 450 கோடி டாலர் என்று அறிவித்த நாடுகள், 2009இன் முதல் ஐந்து மாதங்களில் என்ன செய்தன?

ஒரு வெளிநாடு உருப்படியாகச் செய்யக்கூடியது என்ன என்று கேட்டால், பல சமயம் குழாயை மூடுவதுதான். எல் சல்வடோரில் 1980களில் அமெரிக்கா அரசுக்குக் கொட்டிய பணம் போரை நடத்தியது. 1989 நவம்பரில் ராணுவத்தினர் ஆறு இயேசு சபைத் துறவிகளையும், அவர்களுடைய வீட்டில் வேலை பார்த்த பெண்ணையும், அவருடைய மகளையும் கொன்றார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் ராணுவ உதவியில் பாதியை நிறுத்தியது. அதற்குப் பிறகுதான் ஐ.நா.வின் அல்வாரோ தெ சோத்தோவின் பேச்சுவார்த்தைக்கு உயிர் வந்தது. ஐ.நா. பொதுச்செயலர் பெரெஸ் தெ குவெல்யாரின் பதவிக்காலம் முடியும் கடைசி இரவில், 1991 டிசம்பர் 31 நள்ளிரவை ஒட்டி நியூயார்க்கில் உடன்பாடு வந்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசியிருக்கிறார்கள். 1992 ஜனவரி 16 அன்று மெக்சிகோவின் சப்புல்தெபெக் கோட்டையில் முறையாகக் கையெழுத்தானது. அந்தப் போர் திரும்ப வரவில்லை.

இப்போது சூடானைப் படித்துக்கொண்டிருக்கிறேன். 2023 ஏப்ரல் 15 அன்று புர்ஹானின் ராணுவமும் ஹெமெத்தியின் துணைப்படையும் கார்ட்டூமில் மோதத் தொடங்கின. எகிப்து ராணுவத்தின் பக்கம் நிற்கிறது. துணைப்படைக்கு ஐக்கிய அரபு அமீரகம் ஆயுதம் தருகிறது என்று திரும்பத் திரும்பக் குற்றச்சாட்டு; அமீரகம் மறுக்கிறது. ஜித்தாவில் ஒரு மேடை, கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளின் அமைப்பில் ஒரு மேடை, ஜெனீவாவில் ஒரு மேடை. ஒரு பஞ்சாயத்து பிடிக்காவிட்டால் இன்னொன்றுக்குப் போகலாம். 2024 ஆகஸ்டில் ஜெனீவாவுக்கு ராணுவம் வரவே இல்லை. 2025இல் அமெரிக்காவும் சவூதியும் எகிப்தும் அமீரகமும் சேர்ந்து ஒரு திட்டத்தை அறிவித்தன. போரில் பங்கு உண்டு என்று பேசப்படும் நாடுகள் இம்முறையாவது தங்கள் பெயரை ஒரு காகிதத்தில் வைத்திருக்கின்றன. அது நல்லதா கெட்டதா என்று எனக்கு இரண்டு மனமாக இருக்கிறது. குழாய் அவர்கள் கையில்தான் என்றால், அவர்கள் இல்லாமல் அதை மூடவும் முடியாது.

போர் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், 2023 மே 11 அன்று ஜித்தாவில் இரு தரப்பும் ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டன. அமெரிக்காவும் சவூதியும் நடுவில் இருந்தன. போர்நிறுத்தம்கூட இல்லை, பொதுமக்களைக் காக்கிறோம் என்ற உறுதிமொழி மட்டும். மருத்துவமனைகளை விட்டு வெளியேற வேண்டும். தண்ணீர், மின்சார நிலையங்களை ஆக்கிரமிக்கக்கூடாது. இறந்தவர்களைச் சேகரித்து, பதிவு செய்து, அடக்கம் செய்யச் செம்பிறைச் சங்கத்தையும் செஞ்சிலுவைச் சங்கத்தையும் அனுமதிக்க வேண்டும்.

அந்தக் கடைசி வரியை என் நண்பனுக்கு அனுப்பினேன். அவன் இப்போது வேறு நாட்டில் இருக்கிறான், அம்மா இல்லை. வெகு நேரம் கழித்துப் பதில் வந்தது: "எத்தினை நாளுக்குள்ள எண்டு போட்டிருக்கா?"

திரும்பப் போய்ப் பார்த்தேன். அந்த வரியில் தேதி எதுவும் இல்லை.